மூக்கு லாரியின் பின்பக்கம்

எங்கள் லாரி மூக்கு நீண்ட பழைய வண்டி. இப்போது வருகிற லாரிகளுக்கெல்லாம் முகம் தட்டையாகச் சுவர் மாதிரி இருக்கிறது. எங்களுடையதற்கு என்ஜின் முன்னால் தனியாகப் பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் உருண்ட மட்கார்டு, அதன்மேல் தவளைக் கண் மாதிரி விளக்கு. வில்லியனூர் பக்கம் போனால் கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் கைகாட்டி நிறுத்துவார்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மட்கார்டில் சாய்ந்து நிற்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் இதற்கு மட்டும் அலுத்துக்கொள்ளவே மாட்டார். துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பார்.

பின்பக்கத்தை யாரும் படம் எடுத்ததில்லை. அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த லாரியையும் சேர்த்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். ஆனாலும் அதன் பின்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நானும் குனிந்து பார்த்ததில்லை. போன தை மாதம்தான் பார்த்தேன்.

அன்று விடியற்காலையில் ஏம்பலத்தில் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினார். வழியில் என்ஜின் சூடேறியதால் ரோட்டோரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல பனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. திருபுவனையில் ஒரு கம்பெனிக்கு முதல் ஷிஃப்ட் போகிற ஒருவர் பைக்கோடு வந்து பின்பக்கம் அடியில் பூந்துவிட்டார். கரும்பின் கனத்தில் லாரி அசையக்கூட இல்லையாம். 'டொக்'கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. கட்டு ஏதோ சரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரையும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் இவர் பின்னால் போயிருக்கிறார்.

பைக்கின் முன்சக்கரமும் ஹேண்டில்பாரும் லாரிக்கு அடியில் இருந்தன. அந்த ஆளின் ஹெல்மெட் பின்பலகையின் விளிம்பில் முட்டி நின்றிருந்தது. பலகைக்கும் அவருடைய கழுத்துக்கும் இடையில் ஒரு சாண்தான் இடைவெளி. இவர் இழுத்து வெளியே எடுத்தார். அந்த மனிதர் எழுந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, முதலில் கேட்ட கேள்வி, “மணி இன்னா ஆவுது?” என்பதுதான். ஷிஃப்ட் போய்விடுமே என்ற கவலை. முழங்கையில் சிராய்ப்பு, பைக்கில் ஹெட்லைட் உடைசல், அதோடு சரி. இவர் டீ வாங்கிக் கொடுத்து, பைக்கை டீக்கடையில் போட்டுவிட்டு, அவரைப் பஸ் ஏற்றி அனுப்பினார்.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். முடியவில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் லாரியை எங்கே நிறுத்தினாலும் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். சும்மா எட்டிப் பார்ப்பது இல்லை, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அடியில் தலையை விட்டுப் பார்ப்பது. பிறகு நிற்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்திலும் நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று மணி நேரத்தில் போகிற ஆலைக்கு ஆறு மணி நேரம் ஆனது. நம்ப முடியாமல் ஒருநாள் நானும் கூட ஏறிப் போனேன். ஏம்பலத்திலிருந்து திருபுவனை வருவதற்குள் பதினோரு தடவை இறங்கினார்.

பதினோராவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. நான் கத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்று ரோட்டில் போனவர்களுக்கெல்லாம் கேட்டது.

“இன்னாதான் தேடறீங்க அடியில? புதையலு எதுனா கீதா?”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: “நா முன்னாடி நின்னு தண்ணி ஊத்திக்கினு இருந்தேன்டி. பின்னாடி ஒருத்தன் சாவக் கெடந்தான். எனுக்குத் தெரியவே தெரியாது. சத்தம் கேட்டும் தண்ணிய ஊத்தி முடிச்சிட்டுத்தான் போனேன்.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்த வாரமே, இந்த சீசன் முடிந்ததும் லாரியைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னார். டவுனில் தங்கும் விடுதி வைத்திருக்கிற ஒருவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நிறுத்தி, பின்னால் மண் கொட்டிப் பூச்செடி வைப்பாராம். இவர் ஏதாவது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகப் போவாராம். இருபது வயதிலிருந்து லாரி ஓட்டுகிறவர், தொப்பி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் நேரம் எழுதுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. லாரி போனால் போகட்டும், ஆனால் இவர் தோற்றுப்போனவராக வீட்டுக்கு வரக் கூடாது.

அப்போதுதான் நானும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நீளமான சட்டங்கள் பின்னால் வந்து மொட்டையாக முடிந்திருந்தன. நடுவில் ஒரு கொக்கி, ஓரத்தில் சிவப்பு விளக்கு. அதற்குக் கீழே தரை வரைக்கும் ஒன்றுமே இல்லை. ஒரு கன்றுக்குட்டி தலை நிமிர்ந்து உள்ளே போகலாம்.

“பம்பரு எங்க?” என்று கேட்டேன்.

“அது எஃப்.சி.க்குத்தான்” என்றார், எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல.

விசாரித்தால் வேடிக்கையான கதை. லாரி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வருஷா வருஷம் எஃப்.சி. சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குப் பின்பம்பர் இருக்க வேண்டும். ஆனால் கரும்பு லாரி கரும்பு விளைகிற கொல்லைக்குள் இறங்கி ஏற வேண்டும். வரப்பு ஏறும்போது பின்பக்கம் தாழும். பம்பர் இருந்தால் மண்ணில் குத்திப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் இந்தப் பக்கத்துக் கரும்பு லாரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பம்பர், ஒரு வெல்டிங் பட்டறையில் கிடக்கிறது. எஃப்.சி.க்கு முதல்நாள் மாட்டிக்கொண்டு போவார்கள். வந்ததும் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் லாரியும் மார்கழியில் அதை ஒருநாள் போட்டுக்கொண்டு போய்ப் பாஸாகித்தான் வந்திருந்தது.

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு வந்த ஆத்திரத்தில் எல்லா லாரிக்காரர்களையும் வரிசையாகத் திட்டினேன், இவரையும் சேர்த்துத்தான்.

நான் திருபுவனையில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வண்டிகளுக்கென்று இரும்பில் செய்த சின்னச் சின்ன உதிரிபாகங்களை அளந்து, சரியாக இருப்பதை ஒரு தட்டிலும் இல்லாததைச் சிவப்புத் தட்டிலும் போடுவது என் வேலை. தலைமுடி அளவு வித்தியாசத்துக்கும் விடமாட்டேன் என்று எனக்கு அங்கே கெட்ட பெயர். அதனால் இந்த லாரிக்கு நிரந்தரமாக ஒரு பின்பம்பர் தேடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பின்னால் யாரும் பூந்துவிட முடியாது என்று கண்ணால் பார்த்தால் இவர் இறங்குவதை நிறுத்திவிடுவார் என்பது என் கணக்கு.

அப்புறம் ஒரு மாதம் நான் லாரிகளின் பின்பக்கத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கம்பெனிக்குப் போகும்போதும் வரும்போதும் ஸ்கூட்டரை ஒவ்வொரு லாரிக்கும் பின்னால் ஓட்டிப் பார்ப்பேன். அது தனி உலகம். ஒன்றில் மரக்கட்டையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றில் பழைய டயர். ஒரு டேங்கர் லாரியில் சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்டு அழகான பம்பர், ஆனால் ஒரு பக்கம் மட்டும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு டிப்பரில் பம்பர் கீல் வைத்து, தூக்கி மாட்டுகிற மாதிரி இருந்தது. எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஒரு லாரியில் பம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பம்பர் படத்தைத் தகரத்தில் வரைந்து மாட்டியிருந்தார்கள். அதை வரைந்தவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசை. இப்படி ஒட்டிக்கொண்டே போனதில் ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னாக்கா, வண்டிய வெல பேசப் போறியா?” என்று கேட்டார்.

முதலில் அந்தப் பொதுப் பம்பரையே போய்ப் பார்த்தேன். சாவியால் சுரண்டினால் மஞ்சளுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே காவி. மாட்டிய லாரிகளின் நிறமெல்லாம் அதில் ஏறியிருந்தது. தகடு மெலிசு. நான் ஏறி நின்றதற்கே நெளிந்தது.

அடுத்தது விடுதிக்காரர் சொன்ன பம்பர். டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் பளபளவென்று முலாம் பூசி, இரண்டு முனையும் வளைந்து, பார்க்க லட்சணமாக இருந்தது. மூக்கின் வளைவுக்கு இந்த வளைவு பொருந்தும் என்று சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் அதன் முன்னால் குனிந்து தன் மீசையைச் சரிசெய்துகொண்டார். அவருக்குப் பிடித்துவிட்டது. நான் விரல் முட்டியால் தட்டினேன். எவர்சில்வர் டம்ளர் மாதிரி சத்தம் வந்தது.

“இது மூஞ்சி பாக்கத்தான் ஆவும்” என்றேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

கடைசியில் விழுப்புரம் ரோட்டில், பழைய லாரிகளை உடைத்து விற்கிற இடத்துக்குப் போனோம். அங்கே இரும்புச் சேனல் ஒன்று புல்லுக்குள் கிடந்தது. ஏதோ டேங்கர் லாரியின் பின்பம்பராக இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் நகர்ந்தது. நடுவில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு உள்ளே குழிந்திருந்தது.

“இன்னா இது குழி?” என்று கேட்டார் இவர்.

“எவனாவது வந்து முட்டியிருப்பான்ணா” என்றார் அந்த இடத்துக்காரர். “பாரு, இது குழிஞ்சிக்கினு நின்னுடுச்சி. உள்ள வுடல.”

“முட்டுன ஆளு?”

“அது எனுக்கெப்பிடித் தெரியும்? எனுக்கு இரும்புதான் வந்துச்சி.”

என் வீட்டுக்காரர் உட்கார்ந்து அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே வெகுநேரம் இருந்தார். எனக்கு அவரை அவசரப்படுத்த மனம் வரவில்லை. குழியைத் தட்டி நிமிர்த்திவிட்டுத் தரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. சேனலின் மேற்புறம் தட்டையாக இருந்தது. ஓடுகிற லாரிக்குப் பின்னால் ஓடிக் கரும்பு உருவுவது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கம். நானே பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எத்தனையோ கரும்பு உருவியிருக்கிறேன். எங்கள் தெருப் பெண்களில் நான்தான் அதில் கைதேர்ந்தவள். அன்றைக்கு இப்படி ஒரு படி லாரிக்கு இருந்திருந்தால் நிச்சயம் ஏறி நின்றிருப்பேன். அதனால் கால் வழுக்குகிற மாதிரி மேலே ஒரு தகட்டைச் சரிவாக வைக்கச் சொன்னேன். பழைய திருடிக்குத்தான் பூட்டு வைக்கத் தெரியும் என்று இவர் அன்று பூராவும் கேலி செய்தார்.

மாட்டுவதற்கு லாரி ஒருநாள் சும்மா நிற்க வேண்டும். சீசனில் எங்கள் லாரி சும்மா நிற்கிற இடம் ஒன்றுதான்: ஆலைக்கு வெளியே கரும்பு வரிசை. ஒரு நாளோ இரண்டு நாளோ, ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து காத்திருப்பார்கள். அங்கேதான் எல்லாமே நடக்கும். முடி வெட்டுவது, பஞ்சர் ஒட்டுவது, துணி துவைப்பது, பெண் பார்க்கப் பேசி வைப்பது. வெல்டிங்காரரும் ஜெனரேட்டரை ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு வரிசையோரமாகவே வருவார். லாரி ரிப்பேர் எல்லாம் இந்தப் பக்கத்தில் வரிசையில்தான்.

நான் லீவு போட்டுவிட்டு, டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். கரும்பின் காய்ந்த சோகை இலைகளில் பொறி பட்டுவிடக் கூடாது என்று கரும்புக்கும் வெல்டிங்குக்கும் நடுவில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். தரையிலிருந்து பம்பரின் அடிவிளிம்பு ஐம்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விசாரித்து வைத்திருந்தேன். ஐம்பத்து நான்கில் நிறுத்தினேன். அந்த உயரத்துக்கு வரப்பில் இடிக்காது என்று இவரும் சொன்னார். இடது முனை, வலது முனை, நடு என்று மூன்று இடத்தில் அளந்தேன். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று வெல்டிங்காரரை மறுபடி தூக்கவைத்தேன்.

“யக்கா, இது லாரிக்கா. கைக்கடியாரம் இல்ல” என்றார் அவர்.

வரிசையில் இருந்த டிரைவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எல்லோரும் லாரியிலேயே வயசானவர்கள். ஒருவர் எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றார். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கரும்பை இறக்கிவிட்டு வீடு வந்தார். வழியில் இரண்டே தடவைதான் இறங்கினாராம். அதைச் சொல்லும்போது அவருடைய குரலே வேறாக இருந்தது. நான்கு தோசை சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து பம்பரைக் காட்டினார். விடுதிக்காரரின் போன் வந்தபோது, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரைக் கழுவ எடுத்தேன். லாரி காலியாக வாசலில் நின்றிருந்தது. அதன் பின்னால் நிழலாக இருந்ததால் ஸ்கூட்டரை அங்கே தள்ளினேன். முன்சக்கரம் மட்கார்டோடு பம்பருக்கு அடியில் தாராளமாகப் போய்விட்டது. தரை பள்ளமாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு பக்கம் தள்ளிப் பார்த்தேன். அங்கேயும் போனது. டேப்பை எடுத்து வந்து அளந்தால் அறுபத்தேழு.

மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அறுபத்தேழுதான். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. வரிசையில் நின்றபோது லாரியில் முழுச் சுமை இருந்தது. ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கிக் கிடந்தன. நான் அளந்தது அமுங்கிய லாரியை. கரும்பை இறக்கியதும் பட்டைகள் நிமிர, பம்பரும் கூடவே மேலே போய்விட்டது. சுமையில்லாத லாரியை வரிசையில் யாரும் பார்த்ததே கிடையாது என்பதால் அத்தனை டிரைவர்களுக்கும் அது தோன்றவில்லை. கம்பெனியில் வேறு ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருந்தால் நானே அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அவர் உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். சொன்னால் மறுபடி பதினோரு தடவை. சொல்லாவிட்டால், வீடு திரும்புகிற காலி லாரிக்குப் பின்னால் எவனோ ஒருவன் வருவான். அன்று நான் சொல்லவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கம்பெனியில் எதை அளந்தாலும் தப்பாகவே தெரிந்து, சிவப்புத் தட்டு நிரம்பி வழிந்தது. சூப்பர்வைசர் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பக்கத்து லைனில் யாரோ ஒருவர் ஹெல்மெட்டை 'டொக்'கென்று மேசையில் வைத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் அவரை லாரிக்குப் பின்னால் அழைத்துப் போய், ஸ்கூட்டரைத் தள்ளிக் காட்டினேன்.

அவர் என் கையிலிருந்து டேப்பை வாங்கித் தானே அளந்தார். அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தார்.

“அன்னிக்கி வரும்போது ரெண்டே தடவதான் எறங்கினேன்” என்றார். “அப்ப இது சும்மாதான் தொங்கிக்கினு வந்துதா?”

“என் தப்புதாங்க” என்றேன். அழுதுவிட்டேன். கோபத்தில் அழுகிறேனா வருத்தத்தில் அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் டேப்பைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். “ஒங் கம்பெனில செய்யற சாமானெல்லாம் எந்த வண்டில போடறாங்கன்னு சொல்லு. அந்தப் பக்கமே போவாம இருக்கேன்” என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் லோடு எடுத்துப் போனவர் ஆறரை மணி நேரம் கழித்துத்தான் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

காலி லாரியில் ஐம்பத்து நான்கு வைத்தால் சுமை ஏறியதும் நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிடும். ரோட்டில் அது நல்லதுதான். ஆனால் வரப்பில் குத்தும். இரண்டு நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சோறு வடிக்கும்போது அந்த டிப்பர் ஞாபகம் வந்தது. அந்தக் கீல் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வேலை செய்கிற இடத்தில் தூக்கிக்கொள்ள, ரோட்டுக்கு வந்ததும் இறக்கிக்கொள்ள. வடித்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெல்டிங்காரருக்குப் போன் செய்தேன்.

இந்தத் தடவை நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில், லாரியைக் காலியாக நிறுத்தி வேலை நடந்தது. இரண்டு பக்கமும் கனமான கீல், தூக்கி மாட்டச் சங்கிலி. இறக்கினால் அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு இரும்புப் பின். அளந்தால் ஐம்பத்து நான்கு. வெல்டிங்காரர் என்னைப் பார்த்து, “யக்கா, வேற எதுனா எறக்கணுமா வண்டிலேர்ந்து? டிரைவர எறக்கி ஒருவாட்டி அளந்துக்கறியா?” என்றார். நான் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த லோடு ஏம்பலத்தில். எனக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் ஸ்கூட்டரிலேயே கொல்லைக்குப் போய்விட்டேன். பம்பரைச் சங்கிலியில் தூக்கி மாட்டிக்கொண்டு லாரி வரப்பில் ஏறியது. பின்பக்கம் தாழ்ந்து மண்ணை உரசுகிற மாதிரி வந்து, உரசாமல் மேலே வந்தது. ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, இறங்கிப் பின்னால் வந்தார். சங்கிலியைக் கழற்றி பம்பரை இறக்கினார். இடது பின்னைச் செருகினார், வலது பின்னைச் செருகினார், இரண்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நான் அளந்தேன். நாற்பத்தொன்று. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பழக்கத்தில் குத்துக்கால் போட முழங்கால் மடிந்தது. பாதியில் நிறுத்தி, நிமிர்ந்தார்.

“பின்னு போட்டாச்சி இல்ல?” என்று என்னைக் கேட்டார்.

“போட்டாச்சி.”

ஏறி உட்கார்ந்து கிளப்பினார். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். அந்தக் குழி என் கண் எதிரே போய்க்கொண்டிருந்தது. டீக்கடை வந்தது. பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது, நிற்கவில்லை. பள்ளிக்கூட வளைவில் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. நான் விரல் விட்டு எண்ணத் தயாராக இருந்தேன். எண்ண ஒன்றும் வரவில்லை.

அப்புறம் அன்று பைக் பூந்த அந்த இடம் வந்தது. சின்ன மதகு, அதை ஒட்டிய புளியமரம். லாரி மெல்ல மெல்ல வேகம் குறைந்து, ஓரம் கட்டுகிற மாதிரி இடது பக்கம் ஒதுங்கியது. இறங்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. இறங்கட்டும், இந்த ஒரு இடத்தில் இறங்கிவிட்டுப் போகட்டும் என்று நானும் பிரேக்கைப் பிடித்தேன்.

கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக அவருடைய கை வெளியே வந்தது. முன்னால் போ என்று இரண்டு தடவை அசைத்தது.

எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்பது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நான் ஹார்ன் அடித்துவிட்டு, அந்த நீண்ட மூக்கைத் தாண்டி முன்னால் போனேன். பின்னால் என்ஜின் சத்தம் கனமாக மறுபடி எழும்பியது. திருபுவனை வரைக்கும் அது என் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, ஓரிடத்திலும் நிற்காமல். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.